நகரத்தில் இலவசமாகவும் குறைந்த செலவிலும் பொழுதைக் கழிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு நகரத்தில் செலவில்லாமல், அல்லது சொற்பச் செலவில், எதைப் பார்க்கலாம், எங்கே போகலாம் என்று நண்பர்களும் உறவினர்களும் பல ஆண்டுகளாக என்னிடம் கேட்டு வருகிறார்கள். ஊர் மாறினாலும் ஐயங்கள் மாறுவதில்லை என்று தெரிந்த பிறகு, திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை அவர்கள் கேட்ட வாக்கிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பல நாடுகளைச் சேர்ந்தவை. அந்த நகரங்களுக்கு நீங்கள் போகாவிட்டாலும், அங்கே ஓர் ஏற்பாடு எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் நீங்கள் இருக்கும் இடத்தில் அதைப் போன்ற ஒன்றைத் தேடுவது எளிது. கட்டணமும் நேரமும் மாறக்கூடியவை என்பதால், கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

1. இலவசம் என்றால் பூங்காவில் போய் உட்கார வேண்டியதுதானே, வேறு என்ன இருக்கிறது?

பூங்காவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சிங்கப்பூர் தாவரவியல் பூங்கா 1859-இல் அமைக்கப்பட்டது; 2015-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது; அதற்குள் இருக்கும் தேசிய ஆர்க்கிட் தோட்டத்துக்கு மட்டுமே கட்டணம். ஆனால் உங்கள் கேள்வி அதுவல்ல என்று எனக்குத் தெரியும்.

இலவசமான எதற்கும் வேறு யாரோ பணமோ உழைப்போ கொடுத்திருக்கிறார்கள். அது யார், எதற்காகக் கொடுக்கிறார் என்று கேட்டுப் பார்த்தால் தேட வேண்டிய இடங்கள் தாமாகவே தெரியும். வரிப்பணத்தில் நடப்பவை முதல் வகை: நூலகங்கள், அரசு அருங்காட்சியகங்கள், நீதிமன்றங்கள், கடற்கரைகள். பார்வையாளர் தேவைப்படுவதால் நம்மை அழைப்பவை இரண்டாம் வகை: இசைப் பள்ளி மாணவர்களின் அரங்கேற்றம், பல்கலைக்கழகப் பொதுச் சொற்பொழிவு, ஓவியக் கூடத்தின் தொடக்க விழா, பிற நாடுகளின் பண்பாட்டு மையங்கள் நடத்தும் திரையிடல். தங்களுக்குப் பிடித்ததைப் பிறருக்கும் காட்ட வேண்டும் என்று ஆர்வலர்கள் செய்பவை மூன்றாம் வகை. விற்காமல் போனால் வீணாகிவிடும் இருக்கைகள் நான்காம் வகை. இவை இலவசமாகக் கிடைப்பது அரிது, மலிவாகக் கிடைப்பது வழக்கம். இந்த நான்கையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்வரும் பதில்களில் இவற்றைத் திரும்பத் திரும்பக் குறிப்பிடுவேன்.

2. வலையில் தேடினால் "பார்க்க வேண்டிய ஐம்பது இலவச இடங்கள்" என்று ஒரே பட்டியல்தான் வருகிறது. உருப்படியாக எங்கே தேடுவது?

அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுதப்பட்டவை. எந்த ஆண்டு எழுதப்பட்டது என்ற குறிப்பே இல்லாதவை பாதி. மேலும் அவை இடங்களைச் சொல்கின்றனவே தவிர நிகழ்ச்சிகளைச் சொல்வதில்லை. இடங்களை இரண்டு மாதத்தில் பார்த்து முடித்துவிடலாம். நிகழ்ச்சிகள் வாரந்தோறும் புதிதாக வரும்.

ஆகவே பட்டியலைத் தேடாமல், நிகழ்ச்சி நடத்தும் நிறுவனங்களைத் தேடுங்கள். முதல் கேள்விக்கான பதிலில் சொன்ன நான்கு வகைகளை எடுத்துக்கொண்டு, உங்கள் நகரத்தில் இசை கற்பிக்கும் கல்லூரி எது, கலைக் கல்லூரி எது, வானியல் துறை உள்ள பல்கலைக்கழகம் எது, மைய நூலகம் எது, மாநகராட்சியின் பண்பாட்டுப் பிரிவு எது என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் நிகழ்ச்சி நாட்காட்டியையும் மாதத்தின் முதல் வாரத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். பதினைந்து நிறுவனங்களுக்கு மேல் தேவைப்படாது. அந்நகரத்து மக்கள் பேசும் மொழியில் தேடுவதும் முக்கியம். ஆங்கிலத்தில் தேடினால் சுற்றுலாப் பயணிகளுக்கென்று எழுதியதுதான் முன்னால் வந்து நிற்கும்.

நூலக வாசலில் இருக்கும் அறிவிப்புப் பலகையையும் விட்டுவிடாதீர்கள். சிறிய குழுக்கள் பல வலைத்தளம் வைத்துக்கொள்வதில்லை. ஒரு தாளில் அச்சிட்டு ஒட்டுவதோடு அவர்களுடைய விளம்பரம் முடிந்துவிடுகிறது. என் அனுபவத்தில் மிகச் சிறந்த மாலைப்பொழுதுகள் அப்படிப்பட்ட தாள்களிலிருந்தே வந்தன.

3. அருங்காட்சியகங்களுக்கு இலவச நாள் என்று ஒன்று உண்டாமே, அதை எப்படித் தெரிந்துகொள்வது?

சில நாடுகளில் எல்லா நாளும் இலவசம். லண்டனில் உள்ள பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1759-இல் திறக்கப்பட்டபோதே கட்டணம் இல்லாமல்தான் திறக்கப்பட்டது. பிரிட்டனில் கட்டணம் வசூலித்துவந்த மற்ற தேசிய அருங்காட்சியகங்களும் 2001 டிசம்பர் முதல் தங்கள் நிரந்தரக் காட்சிகளுக்குக் கட்டணத்தை நீக்கின. வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்களுக்கும் கட்டணம் கிடையாது. இத்தகைய இடங்களில்கூட இடைக்காலச் சிறப்புக் கண்காட்சிகளுக்குத் தனிச் சீட்டு வாங்க வேண்டியிருக்கலாம் என்பதைக் கவனிக்கவும்.

கட்டணம் வாங்கும் இடங்களில் மூன்று ஏற்பாடுகள் பரவலாக உள்ளன. மாதத்தில் ஒரு நாள் இலவசம் என்பது ஒன்று: இத்தாலியில் அரசு அருங்காட்சியகங்களும் தொல்லியல் தலங்களும் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை இலவசம், இத்திட்டம் 2014-இல் தொடங்கியது. நாளின் கடைசி மணி நேரங்கள் இலவசம் என்பது மற்றொன்று: மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகம் மூடுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் கட்டணம் வாங்குவதில்லை. பாரிஸின் லூவ்ரு இரண்டையும் கலந்து, ஜூலை, ஆகஸ்ட் தவிர்த்து, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலை 6 மணிக்குப் பிறகு இலவசமாக அனுமதிக்கிறது. மூன்றாவது, ஆண்டுக்கொரு முறை வரும் நாட்கள். மே 18 பன்னாட்டு அருங்காட்சியக நாளாக 1977 முதல் கொண்டாடப்படுகிறது. அன்று பல இடங்களில் கட்டணமில்லை, அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்ச்சிகள் இருக்கும்.

இந்தத் தகவல் பெரும்பாலும் முகப்புப் பக்கத்தில் இருக்காது. கட்டணப் பட்டியலின் அடியில், சலுகைகளோடு சேர்த்துச் சிறிய எழுத்தில் இருக்கும். அங்கே போய்ப் படியுங்கள்.

4. இலவச நாளில் கூட்டம் தாங்க முடியாதே. அதற்குப் பணம் கொடுத்தே போகலாம் அல்லவா?

பாதி உண்மை. ஒரு முறை புகழ்பெற்ற ஓர் அருங்காட்சியகத்தின் இலவச மாலைக்குப் போய், இரண்டு மணி நேரம் வரிசையில் நின்று, உள்ளே முக்கால் மணி நேரம் மட்டும் கழித்துவிட்டுத் திரும்பினேன். அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன்: மிகப் பெரிய இடங்களுக்குப் பணம் கொடுத்து, வாரநாளில், திறக்கும் நேரத்தில் போவது; நடுத்தரமான, சிறிய இடங்களுக்கு மட்டும் இலவச நாளைப் பயன்படுத்துவது. சிறிய இடங்களில் இலவச நாளிலும் நெரிசல் இருப்பதில்லை.

பெரிய இடத்துக்கு இலவச நேரத்தில்தான் போக வேண்டும் என்றால், எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். ஒரே ஒரு கூடத்தைத் தேர்ந்தெடுத்து நேரே அங்கே போய், அதை மட்டும் நிதானமாகப் பார்த்துவிட்டு வாருங்கள். கட்டணம் இல்லாததால் அடுத்த மாதமும் வரலாம். பணம் கொடுத்தவருக்கு எல்லாவற்றையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற நெருக்கடி இருக்கிறது; உங்களுக்கு அது இல்லை.

5. எனக்குப் புத்தகம் படிக்கும் பழக்கம் இல்லை. நூலகத்தால் எனக்கு என்ன பயன்?

நூலகத்தைப் புத்தகக் கிடங்கு என்று நினைப்பதால் வரும் கேள்வி இது. ஒரு நகர நூலகத்தில் திரையிடல், கைவினைப் பயிற்சி, மொழி பழகும் கூட்டம், சதுரங்கக் குழு, குழந்தைகளுக்குக் கதை சொல்லும் நேரம் முதலியவை நடக்கின்றன. கூடாரம், துளையிடும் கருவி, தையல் இயந்திரம், இசைக்கருவி ஆகியவற்றைக் கடன் கொடுக்கும் நூலகங்களும் பல நாடுகளில் உள்ளன.

பலருக்குத் தெரியாத ஒன்று, நூலக அட்டையைக் காட்டி வேறு இடங்களுக்கு இலவசமாக நுழையும் ஏற்பாடு. நியூயார்க் நகரத்தின் மூன்று பொது நூலக அமைப்புகளும் சேர்ந்து 2018-இல் தொடங்கிய திட்டத்தில், நூலக உறுப்பினர் முன்பதிவு செய்துகொண்டு நகரின் பல அருங்காட்சியகங்களுக்கும் தோட்டங்களுக்கும் கட்டணமின்றிப் போகலாம். உங்கள் நூலகத்தில் இத்தகைய ஏற்பாடு உண்டா என்று உதவி மேசையில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், வேறு என்ன கடன் கொடுக்கிறீர்கள் என்றும் கேளுங்கள்.

6. இசைக் கச்சேரி, நாடகம் எல்லாம் குறைந்த செலவில் பார்க்க வழி இருக்கிறதா?

இந்தத் துறையில் உள்ள அளவுக்கு வழிகள் வேறு எதிலும் இல்லை. முதலாவது, கற்பவர்கள். இசைக் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்கள் மேடையேறித்தான் தேர்ச்சி பெற வேண்டும். அவர்களுக்கு முன்னால் காலி இருக்கைகள் இருப்பதை யாரும் விரும்புவதில்லை. சில ஆண்டுகளில் பெரிய அரங்குகளில் வாசிக்கப்போகும் கலைஞரை இன்று முதல் வரிசையில் உட்கார்ந்து கட்டணமின்றிக் கேட்கலாம். தரம் ஒரே சீராக இருக்காது. சில மாலைகள் சோதனையாகவும் அமையும். எழுந்து வருவதானால் ஓர் உருப்படி முடிந்து கைதட்டும்போது எழுந்து வாருங்கள்.

இரண்டாவது, நின்று பார்ப்பது. வியன்னா அரசு இசைநாடக அரங்கில் நின்று பார்ப்பதற்கென்று நானூறுக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன; இருக்கை விலையில் மிகச் சிறிய பங்குதான் அவற்றின் விலை. லண்டனில் 1895-இல் தொடங்கிய புரோம்ஸ் கோடைக்கால இசைவிழாவின் பெயரே, மேடைக்கு முன்னால் நின்று கேட்கும் அந்த வழக்கத்திலிருந்து வந்ததுதான். அந்த இடங்களுக்கு நிகழ்ச்சி நாளன்றுகூடக் குறைந்த விலையில் சீட்டு கிடைக்கிறது. முழங்கால் ஒத்துழைத்தால் இதைவிடச் சிறந்த இடம் கிடையாது. பெரும் பணம் கொடுத்தவர்கள் உங்களுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார்கள்.

மூன்றாவது, ஒத்திகைகளும் முன்னோட்டக் காட்சிகளும். இசைக்குழுக்கள் சில தங்கள் இறுதி ஒத்திகையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுகின்றன. நாடகங்கள் முறைப்படி தொடங்கும் முன் நடக்கும் முன்னோட்டக் காட்சிகளுக்கு விலை குறைவு. நான்காவது, அரங்கில் தொண்டராகச் சேர்வது: பார்வையாளரை இருக்கையில் அமர்த்திவிட்டு, பின்வரிசையில் நின்று நாடகத்தைப் பார்க்கலாம். இதைப் பற்றி 13-ஆம் பதிலில் மேலும் சொல்கிறேன்.

7. கடைசி நிமிடம் வரை காத்திருந்தால் எப்போதும் மலிவாகக் கிடைக்குமா?

கிடைக்காது. பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கும் விஷயம் இது. நியூயார்க்கின் டைம்ஸ் சதுக்கத்தில் 1973 முதல் இயங்கும் சாவடியில், அன்றைய நாடகங்களின் விற்காத சீட்டுகள் தள்ளுபடியில் விற்கப்படுகின்றன. அங்கே விற்பனைக்கே வராதவை எவை என்று பார்த்தால் பாடம் தெரியும்: மிகப் புகழ்பெற்ற நாடகங்கள் அந்தச் சாவடியின் அறிவிப்புப் பலகையில் அபூர்வமாகத்தான் வரும்.

விற்காத இருக்கை இருந்தால்தான் கடைசி நேர மலிவு. வாரநாள், மழைக்காலம், ஓடத் தொடங்கிப் பல மாதங்களான நிகழ்ச்சி என்றால் காத்திருக்கலாம். வார இறுதி, விடுமுறை, ஒரே ஒரு நாள் நிகழ்ச்சி என்றால் விற்பனை தொடங்கும் நாளிலேயே மிகக் குறைந்த விலை வரிசையை வாங்கிவிடுங்கள். தேவை கூடக்கூட விலையை ஏற்றும் முறையைப் பல விற்பனைத் தளங்கள் பின்பற்றுவதால், அத்தகைய நிகழ்ச்சிகளுக்குக் காத்திருப்பவர் கூடுதலாகவே கொடுப்பார்.

8. "இலவச நடைச் சுற்றுலா" என்று விளம்பரம் செய்கிறார்களே, அது நிஜமாகவே இலவசமா?

பெரும்பாலும் இல்லை. சுற்றுலா முடிவில் வழிகாட்டிக்கு நீங்கள் தரும் அன்பளிப்புதான் அவருடைய கூலி. சில ஏற்பாடுகளில், வந்த ஒவ்வொருவருக்கும் இவ்வளவு என்று வழிகாட்டியே நடத்துபவருக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கிறது. அப்படியென்றால், ஒன்றும் கொடுக்காமல் நழுவுபவரால் அவருக்கு வரவில்லை என்பது மட்டுமல்ல, கைநட்டமும் ஏற்படுகிறது. ஆகவே இதை "முடிவில் விலை சொல்லும் சுற்றுலா" என்று எடுத்துக்கொண்டு, அதற்கான தொகையை முன்கூட்டியே ஒதுக்கிக்கொண்டு போங்கள். அப்படிப் பார்த்தாலும் இது மலிவுதான்.

உண்மையிலேயே இலவசமானது வேண்டும் என்றால், 1992-இல் நியூயார்க்கில் தொடங்கிப் பிறகு பல நாடுகளுக்குப் பரவிய 'கிரீட்டர்' ஏற்பாட்டைப் பாருங்கள். உள்ளூர்வாசி ஒருவர் தன் பகுதியை வந்தவருக்கு நடந்து காட்டுவார்; அன்பளிப்பு வாங்குவதில்லை. முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். மாநகராட்சியின் பாரம்பரியப் பிரிவு நடத்தும் நடைகளும் பல ஊர்களில் கட்டணமற்றவை.

9. தனியாக நடந்தால் அரை மணி நேரத்தில் சலித்துவிடுகிறது. என்ன செய்வது?

எதையும் தேடாமல் நடப்பதால் வரும் சலிப்பு அது. ஒரே ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதை மட்டும் தேடி நடந்து பாருங்கள்: பழைய கட்டடங்களில் பொறிக்கப்பட்டிருக்கும் ஆண்டுகள், தெருப் பெயர்களின் காரணம், இப்போது மூடப்பட்டுச் சாலையாகிவிட்ட ஓடைகளின் தடம், ஒரு குறிப்பிட்ட மரவகை. நூறு ஆண்டுக்கு முந்தைய நகர வரைபடத்தின் படியை ஆவணக் காப்பகத்திலோ நூலகத்திலோ பெற்று, அதைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய தெருவில் நடப்பது எனக்கு மிகவும் பிடித்தது. ஏன் ஒரு தெரு தேவையில்லாமல் வளைகிறது என்ற மர்மம் அப்போதுதான் விடுபடும்.

விளையாட்டாக வேண்டுமென்றால் ஜியோகேச்சிங் இருக்கிறது: யாரோ மறைத்து வைத்த பொருளை ஜிபிஎஸ் உதவியோடு தேடிக் கண்டுபிடிப்பது. பொதுமக்களின் ஜிபிஎஸ் கருவிகளுக்கு வேண்டுமென்றே சேர்க்கப்பட்டுவந்த பிழையை அமெரிக்க அரசு 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் நீக்கியது. அடுத்த ஓரிரு நாட்களுக்குள் ஓரிகன் மாநிலத்தில் ஒருவர் ஒரு வாளியை மறைத்து வைத்துவிட்டு, அதன் ஆயத்தொலைவுகளை மட்டும் அறிவித்தார். அங்கிருந்து தொடங்கிய இந்தத் தேடல் விளையாட்டு இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. கைப்பேசி ஒன்று போதும்.

10. பேருந்தில் ஏறி உட்கார்ந்தே ஊரைப் பார்த்துவிட முடியுமா?

முடியும். சுற்றுலாப் பேருந்து போகும் அதே சாலையில் சாதாரணப் பேருந்தும் போகும். பெர்லினின் 100-ஆம் எண் பேருந்து நாடாளுமன்றக் கட்டடம் உட்பட நகரின் முக்கிய இடங்கள் பலவற்றைக் கடந்து செல்வதால், ஏழைகளின் சுற்றுலாப் பேருந்து என்றே சொல்லத்தக்கது. நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவுப் படகுக்கு 1997 முதல் கட்டணமில்லை. சுமார் 25 நிமிடப் பயணத்தில் சுதந்திர தேவி சிலையைத் தொலைவிலிருந்து பார்க்கலாம். லக்சம்பர்க் 2020-இல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது. ரயிலின் முதல் வகுப்புக்கு மட்டும் சீட்டு வாங்க வேண்டும்.

முனையத்தில் ஏறி முனையத்தில் இறங்குங்கள். நெரிசல் நேரத்தில் இந்த வேலை வேண்டாம். வேலைக்குப் போகிறவரின் இடத்தை நாம் அடைக்கக் கூடாது.

11. நகரச் சுற்றுலா பாஸ் வாங்கினால் லாபமா?

பாஸ் என்பது ஒரே விலையில் பல இடங்களுக்கு நுழைவு தரும் சீட்டு. அதன் விளம்பரத்தில் சொல்லும் சேமிப்பு, பட்டியலில் உள்ள எல்லா இடத்துக்கும் போனால் வருவது. நீங்கள் கணக்கிட வேண்டியது வேறு. பாஸ் இல்லாவிட்டாலும் போயிருப்பேன் என்று சொல்லக்கூடிய இடங்களை மட்டும் எழுதுங்கள். அவற்றில் ஏற்கெனவே இலவசமானவற்றையும், 3-ஆம் பதிலில் சொன்ன இலவச நேரத்தில் பார்க்கக்கூடியவற்றையும் நீக்குங்கள். மிஞ்சியதன் மொத்தக் கட்டணம் பாஸின் விலையைவிடத் தெளிவாக அதிகமாக இருந்தால் வாங்கலாம். அப்போதும் ஒரு நாளைக்கு மூன்று இடத்துக்கு மேல் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதற்கு மேல் கால் வலிக்கும், மனதில் எதுவும் பதியாது. நான் இந்தக் கணக்கைப் போட்டவரையில், பாஸ் வென்றது மிகச் சில முறைதான்.

12. குழந்தைகளை அழைத்துக்கொண்டு போக வேண்டும். வித்தியாசமாக ஏதாவது?

குழந்தைகளுக்கு நுழைவு இலவசமாக உள்ள இடங்கள் ஏராளம். அங்கே செலவு பெரியவர்களுடையதுதான். ஆகவே பெரியவர்களுக்கும் இலவசமான நாளைத் தேர்ந்தெடுங்கள். தீயணைப்பு நிலையம், வானிலை நிலையம், தபால் பிரிக்கும் நிலையம் ஆகியவற்றின் பொதுமக்கள் திறப்பு நாட்கள் குழந்தைகளுக்கு எந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கும் குறைந்தவை அல்ல.

இரவில் விழித்திருக்கக்கூடிய வயது என்றால், வானியல் ஆர்வலர் குழுக்களின் தொலைநோக்கி இரவுகளுக்கு அழைத்துச் செல்லுங்கள். 1968-இல் சான் பிரான்சிஸ்கோவில் சில ஆர்வலர்கள் தாங்களே செய்த தொலைநோக்கிகளை நடைபாதையில் நிறுத்தி, வழிப்போக்கர்களை நிலவையும் சனியையும் பார்க்க அழைக்கத் தொடங்கினார்கள். அந்த வழக்கம் இப்போது பல நாடுகளில் இருக்கிறது. சனியின் வளையத்தை முதன்முறை கண்ணால் பார்த்த குழந்தை, கண்ணாடிக்குள் படம் ஒட்டியிருக்கிறதா என்று சந்தேகப்பட்டு முன்னால் போய்ப் பார்த்ததை நான் கண்டிருக்கிறேன்.

13. ஊருக்குப் புதியவன். ஆட்களோடு பழகவும் வேண்டும், செலவும் ஆகக் கூடாது.

பேச வேண்டும் என்பதற்காகவே கூடும் கூட்டங்களைவிட, வேறு ஏதாவது ஒரு வேலைக்காகக் கூடும் கூட்டங்கள் புதியவருக்கு எளிது. 2004 அக்டோபர் 2 அன்று லண்டனில் உள்ள புஷி பூங்காவில் 13 பேர் ஓடியதில் தொடங்கிய பார்க்ரன், இப்போது பல நாடுகளில் வாரந்தோறும் நடக்கிறது. பெரும்பாலான இடங்களில் சனிக்கிழமைக் காலை, 5 கிலோமீட்டர், கட்டணமில்லை, நடந்தும் வரலாம். அது இல்லாத ஊரிலும் பறவை நோக்கும் குழு, கடற்கரை துப்புரவுக் குழு, மிதிவண்டிக் குழு என்று ஏதாவது ஒன்று இருக்கும்.

தொண்டராகச் சேர்வது இன்னும் நல்ல வழி. திரைப்பட விழாக்களும் புத்தக விழாக்களும் தொண்டர்கள் இல்லாமல் நடப்பதில்லை. வேலை நேரம் போக மற்ற நேரத்தில் நிகழ்ச்சிகளைப் பார்க்க அனுமதிச் சீட்டு தருவது வழக்கம். எத்தனை மணி நேர வேலைக்கு என்ன கிடைக்கும் என்பதை எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். நாள் முழுதும் வாகன நிறுத்துமிடத்தில் நின்றுவிட்டு ஒரு படம்கூடப் பார்க்காமல் திரும்பியவர்கள் உண்டு.

14. வெயிலிலும் மழையிலும் வெளியே சுற்ற முடியாது. கட்டடத்துக்குள் என்ன இருக்கிறது?

நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் சொல்லிவிட்டேன். அடுத்து நான் சொல்வதைக் கேட்டுப் பலர் சிரிக்கிறார்கள்: நீதிமன்றம். நீதி பகிரங்கமாக வழங்கப்பட வேண்டும் என்ற கொள்கையின்படி, பல நாடுகளில் பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் எவரும் உட்கார்ந்து கவனிக்கலாம். நாடாளுமன்றத்தின் பார்வையாளர் மாடமும் மாநகராட்சி மன்றக் கூட்டமும் அப்படியே. அடையாளச் சான்று, கைப்பேசியை அணைத்து வைப்பது, நீதிபதி இருக்கும்போது சத்தமின்றி இருப்பது ஆகிய விதிகளை முன்பே தெரிந்துகொண்டு போங்கள்.

உயரமான கட்டடங்களிலிருந்து நகரத்தைப் பார்ப்பதற்கும் எப்போதும் பணம் தேவையில்லை. டோக்கியோ பெருநகர அரசு அலுவலகத்தின் 45-ஆம் தளத்தில், 202 மீட்டர் உயரத்தில் இருக்கும் காட்சி மாடம் இலவசம். லண்டனின் ஸ்கை கார்டனுக்கும் முன்பதிவு மட்டுமே தேவை. சாதாரணமாக மூடியே இருக்கும் கட்டடங்களும் ஆண்டுக்கு ஒருமுறை திறக்கும்: ஐரோப்பிய மன்றம் 1985-இல் தொடங்கிய பாரம்பரிய நாட்களிலும், 1992-இல் லண்டனில் தொடங்கிய ஓப்பன் ஹவுஸ் விழாவிலும் தனியார் வீடுகள் முதல் நீரேற்று நிலையங்கள் வரை பார்க்கலாம். உங்கள் நகரில் கட்டடக் கலைஞர் சங்கம் இருந்தால், இதைப் போன்ற ஒன்றை அவர்கள் நடத்துகிறார்களா என்று கேளுங்கள்.

15. மாணவன் அல்ல, மூத்த குடிமகனும் அல்ல. சலுகையெல்லாம் எனக்கு எங்கே?

சலுகைப் பட்டியலை முழுதாகப் படித்தவர்கள் குறைவு. அந்நகரவாசி, வேலை தேடுபவர், ஆசிரியர், மாற்றுத்திறனாளிக்குத் துணையாக வருபவர், குறிப்பிட்ட வயதுக்கு உட்பட்டவர் என்று பல பிரிவுகள் அதில் இருக்கும். துணையாக வருபவருக்குக் கட்டணமில்லை என்பது பல குடும்பங்களுக்குத் தெரியவே தெரியாது. இவற்றில் எதிலும் வராதவருக்கு மிஞ்சும் பெரிய சலுகை நேரம்தான்: வாரநாள், காலை, பருவமல்லாத காலம்.

16. "விரும்பிய தொகையைக் கொடுங்கள்" என்று போட்டிருக்கும் இடத்தில் ஒன்றும் கொடுக்காமல் போவது தவறா?

விதியை முதலில் படியுங்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகம் நெடுங்காலம் எல்லோரையும் விருப்பத் தொகைக்கு அனுமதித்தது. 2018 மார்ச் முதல் அந்த உரிமை நியூயார்க் மாநிலவாசிகளுக்கும் அண்டை மாநிலங்களான நியூ ஜெர்சி, கனெக்டிகட் மாணவர்களுக்கும் மட்டுமே, மற்றவர்களுக்கு நிர்ணயித்த கட்டணம்.

உண்மையிலேயே விருப்பத் தொகைதான் என்றால், கையில் இல்லாதவர் கொடுக்காமல் போவதில் தவறில்லை. அந்த ஏற்பாடே அவருக்காகத்தான். இருப்பவர் கொடுக்க வேண்டும். 8-ஆம் பதிலில் சொன்ன வழிகாட்டிக்கும் வரிப்பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கும் உள்ள வேறுபாட்டை மறக்க வேண்டாம்: அங்கே கொடுக்காவிட்டால் நட்டப்படுபவர் உங்கள் எதிரில் நிற்கும் ஒரு மனிதர்.

17. நுழைவு இலவசம்தான், ஆனால் வீடு திரும்பிக் கணக்குப் பார்த்தால் செலவு எக்கச்சக்கம். எங்கே தவறுகிறேன்?

பெரும்பாலும் போக்குவரத்திலும் பசியிலும். ஒரே பகுதியில் உள்ள இரண்டு மூன்று இடங்களை ஒரே நாளில் வைத்துக்கொள்ளுங்கள். நகரின் நான்கு மூலைக்கும் ஓடினால் இலவசத்தால் மிச்சமானது பயணத்தில் போய்விடும். வாகனம் நிறுத்தும் கட்டணத்தை முன்பே பாருங்கள். அது நுழைவுக் கட்டணத்தைவிட அதிகமாக இருக்கும் இடங்கள் உண்டு. தண்ணீரும் சாப்பாடும் வீட்டிலிருந்து எடுத்துச் செல்லுங்கள். வெளியேறும் வழியில் இருக்கும் நினைவுப்பொருள் கடை, அங்கே வேண்டுமென்றேதான் வைக்கப்பட்டிருக்கிறது.

18. இலவசம் என்று கூப்பிட்டு எதையாவது தலையில் கட்டிவிடுகிறார்களே, எப்படி முன்கூட்டியே கண்டுபிடிப்பது?

முதல் பதிலில் சொன்ன கேள்வியையே கேளுங்கள்: இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள், எதற்காக? நான்கு வகைகளில் எதிலும் அடங்கவில்லை என்றால், பணம் கொடுக்கப்போவது நீங்கள்தான். விடுமுறை விடுதிப் பங்கு, முதலீட்டுத் திட்டம், தொடர் பயிற்சி வகுப்பு ஆகியவற்றை விற்பவர்களே பரிசும் விருந்தும் தந்து அழைப்பார்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து வர வேண்டும் என்ற நிபந்தனை, நிகழ்ச்சியின் பொருள் என்ன என்று தெளிவாகச் சொல்லாமை, பதிவுக்கு வங்கி அட்டை எண் கேட்பது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலும் போகாமல் இருப்பது நல்லது.

19. இலவச நிகழ்ச்சிக்கு முன்பதிவு செய்துவிட்டுத்தான் போனேன், இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இது நியாயமா?

கோபம் புரிகிறது, ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. இலவச நிகழ்ச்சிக்குப் பதிவு செய்பவர்களில் கணிசமானோர் வருவதே இல்லை என்பதால், நடத்துபவர்கள் இருக்கைகளைவிட அதிகமாகப் பதிவு ஏற்கிறார்கள். எல்லோரும் வந்துவிடும் அபூர்வமான மாலையில், கடைசியில் வந்தவர் வாசலில் நிற்க நேரிடுகிறது. பதிவு செய்வது இருக்கைக்கு உறுதி அல்ல என்று அறிவிப்பின் கடைசி வரியில் பெரும்பாலும் எழுதியும் இருப்பார்கள்.

அரை மணி நேரம் முன்னதாகப் போனால் இந்தச் சிக்கல் எழாது. இதே காரணத்தால், பதிவு முடிந்துவிட்டது என்று காட்டும் நிகழ்ச்சிக்கும் நேரில் போய்ப் பார்க்கலாம். தொடங்குவதற்குச் சில நிமிடங்கள் முன்பு, வராதவர்களின் இடத்துக்கு வாசலில் நிற்பவர்களை உள்ளே விடுவது வழக்கம். நீங்கள் பதிவு செய்துவிட்டுப் போக முடியாமல் போனால், முந்தின நாளே ரத்து செய்துவிடுங்கள்.